மீகாங்கைக் கடந்த முழங்கால்

லாவோஸின் தெற்கே சம்பாசக் பகுதியில் ஃபூ காவோ என்றொரு மலை இருக்கிறது. அதன் உச்சியில் இயற்கையாக நிமிர்ந்து நிற்கும் பாறையைச் சிவலிங்கமாகக் கண்ட பழங்காலத்தவர்கள் மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர் வைத்து, சரிவில் கோயில் எழுப்பினார்கள். அதுதான் வாட் ஃபூ. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. இன்று நிற்கும் கற்கட்டடங்களில் பெரும்பகுதி பதினோராம் நூற்றாண்டுக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கும் இடையே கெமர் அரசர்கள் காலத்தில் கட்டப்பட்டவை. மலைச்சுனை நீர் கல் ஓடை வழியாகக் கருவறைக்கு வந்து லிங்கத்தின் மேல் இடையறாது விழும்படி அமைத்திருந்தார்கள். பின்னாளில் லிங்கம் இருந்த இடத்தில் புத்தர் அமர்ந்தார். சுனை வற்றவில்லை. இப்போதும் மக்கள் அந்த நீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள்.

நம் மாசி மகத்தை ஒட்டி வரும் பௌர்ணமியில் அங்கே மூன்று நாள் திருவிழா. மேலே படிகளில் பூவும் மெழுகுவத்தியுமாக மக்கள் ஏறுவார்கள். பிக்குகளுக்கு அன்னம் படைப்பார்கள். கீழே சமவெளியில் பாட்டு, கூத்து, சேவற்கட்டு, எருமைச் சண்டை, கூடவே ஒரு குத்துச்சண்டை மேடை. நான்கு மூலைக் கம்பங்களும் கயிறும் கட்டிய மேடையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும். பக்கத்தில் குழலும் மேளமும் சின்னத் தாளமும் வைத்துக்கொண்டு வாத்தியக்காரர்கள். முதல் சுற்றில் இசை சோம்பலாக நடக்கும். மூன்றாவது, நான்காவது சுற்றுக்கு வரும்போது தாளம் ஏறும். வீரனின் முழங்கால் எதிராளியின் விலாவில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கூட்டம் ஒரே குரலில் கத்தும்.

இந்தச் சண்டைக்கு முவாய் லாவோ என்று பெயர். இரண்டு முஷ்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால் என்று எட்டு முனைகளாலும் அடிப்பது. வெளியூர்க்காரர் யார் பார்த்தாலும் முதலில் கேட்பது, ‘இது முவாய் தாய் அல்லவா?’ என்றுதான். அப்படிக் கேட்பதில் பிழை சொல்ல முடியாது. ஒரு மக்கள்கூட்டத்தின் கலை எப்படி இன்னொரு நாட்டின் பெயரோடு உலகம் சுற்றியது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மக்கள் நடந்த வழியே நாமும் நடந்து பார்க்க வேண்டும்.

தொடக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தென்கிழக்காசிய நிலப்பரப்பில் இந்தச் சண்டைக்கு ஐந்து உருவங்கள் இருக்கின்றன. தாய்லாந்தில் முவாய் தாய், கம்போடியாவில் குன் கெமர், மியன்மாரில் தலையாலும் முட்டலாம் என்கிற லெத்வே, மலேசியாவின் வடக்கே தொமோய், லாவோஸில் முவாய் லாவோ. அங்கோரில் பாயோன் கோயிலின் சுவர்ச் சிற்பங்களில் மல்லுக்கு நிற்கும் இணைகள் தெரிகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிச் செதுக்கியவை. லாவோ மக்களின் முதல் பேரரசை 1353இல் நிறுவிய ஃபா நும் வளர்ந்தது அங்கோர் அரண்மனையில். மணந்தது கெமர் இளவரசியை. மீகாங் ஆற்றின் வழியே வடக்கே வந்தது கெமர் படையோடு. லான் சாங் என்று அவர் பெயரிட்ட அரசில் புத்த சமயமும் அரண்மனை வழக்கங்களும் தெற்கிலிருந்து வந்து வேர்பிடித்தன. போர்ப் பயிற்சி மட்டும் வராமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதேபோல் லாவோ கிராமங்களில் அதற்கு முன் கைச்சண்டையே இல்லை என்றும் எண்ணவில்லை. இன்றைய எல்லைக்கோடுகள் எல்லாமே இந்தக் கலையைவிட வயதில் மிக இளையவை. ‘எங்கள் வீட்டில்தான் பிறந்தது’ என்று ஐந்து நாடுகளும் சொல்லும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கலை எப்படி இருக்கும் என்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

கணைக்கால் உதை இதன் அடிப்படை. பாதத்தால் உதைப்பதில்லை, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பால் அடிப்பது. ஊன்றிய கால் நுனிவிரலில் சுழல, இடுப்பு முழுவதும் திரும்ப, உதைக்கும் கால் வீசப்படுகிறது. வலு தொடையிலிருந்து வருவதைவிட இடுப்பின் சுழற்சியிலிருந்துதான் அதிகம் வருகிறது. பழைய நாளில் வாழைமரத்தை உதைத்துப் பழகினார்கள். வாழை மெதுவாக விட்டுக்கொடுக்கும், ஒரேயடியாக முறியாது. எலும்பு உடையாமல் இறுகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சிக் கம்பம் கிராமத்தில் கிடையாது. இப்போது தோல் பைகள் வந்துவிட்டன. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிபடும் எலும்பு தன்னை அடர்த்தியாக்கிக்கொள்கிறது; நரம்பும் வலியைச் சகிக்கப் பழகுகிறது.

அடுத்தது பிடி. இரு வீரர்களும் நெருங்கி, ஒருவன் மற்றவனின் பிடரியைக் கைகளால் வளைத்து, முன்கைகளை அவன் கழுத்தெலும்பின் மேல் ஊன்றித் தலையைக் கீழே இழுப்பான். மேற்கத்திய குத்துச்சண்டையில் இப்படிக் கட்டிப்பிடித்தால் நடுவர் பிரித்துவிடுவார். இங்கே சண்டையின் நெஞ்சே அதுதான். இடுப்பை முன்னே தள்ளி, குதிகாலை உயர்த்தி, முழங்காலை விலாவிலும் வயிற்றிலும் ஏற்றுகிறார்கள். நின்றபடியே செய்யும் மல்யுத்தத்தில் ஈட்டி சேர்ந்தது போல இருக்கும். பிடிக்குள் யார் நிலைகுலையாமல் நிற்கிறான், யார் தள்ளாடுகிறான் என்பதை ஊர்க்கிழவர்கள் துல்லியமாகக் கணக்கு வைத்திருப்பார்கள். முகத்தில் விழும் குத்தைவிட உடம்பில் ஏறும் முழங்காலுக்கும் உதைக்கும்தான் மதிப்பு அதிகம். முழங்கையோ அருகிலிருந்து வரும் கத்தி; புருவத்தைக் கிழிக்கும். ஒரு முழங்கை வீச்சில் சண்டை முடிந்துவிடுவதும் உண்டு.

கையுறை வருவதற்கு முன்னால் கைகளில் நூற்கயிறு சுற்றினார்கள். கணுக்களின் மேல் முடிச்சுகள் வரும்படி சுற்றுவது ஒரு தனிக் கைத்திறன். அகலமாக வீசி உதைக்கும் பாணி இருந்த, இன்று தாய்லாந்தில் உள்ள கோராட் பக்கத்தில், உதையைத் தடுக்க வேண்டும் என்பதற்காக முழங்கை வரைக்கும் கயிறு ஏறியது.

சண்டைக்கு முன் வணக்கம் இருக்கிறது. ஆசான் தன் கையால் மொங்கொன் என்ற வளையத்தைச் சீடனின் தலையில் வைப்பார். அதை எடுப்பதும் அவர்தான். மேல்கையில் காப்புக் கயிறு. சீடன் மேடையின் நான்கு பக்கமும் நடந்து, மண்டியிட்டு மூன்று முறை வணங்கி, பிறகு இசைக்கு ஏற்ப மெல்ல ஆடுவான். ஆசானையும் பெற்றோரையும் கலையைத் தந்த முன்னோரையும் நினைக்கும் நேரம் அது. ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் எந்த ஆசானிடம் கற்றவன் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம் என்பார்கள்.

அடவுகளுக்கு இருக்கும் பெயர்கள் நமக்கு அன்னியமானவை அல்ல. சயாம் (இன்றைய தாய்லாந்து) பாணியில் இரு கைகளையும் ஒன்றாக மேல்நோக்கித் தாடையில் குத்துவது ‘அனுமன் கணையாழி தருதல்’. உதைக்க வந்த காலைப் பிடித்து முழங்கையால் அடிப்பது ‘ஐராவதத்தின் துதிக்கையை முறித்தல்’. மீகாங்கின் மேற்குக்கரையில் லாவோ மொழி பேசும் சகோன் நகோன் பகுதியில் வழங்கும் ஆட்டத்தில் புலி புதரிலிருந்து வெளிவருவது, புலி வாலை இழுத்து நடப்பது, யானை துதிக்கையைச் சுருட்டுவது, கோழி கூண்டோரம் நடப்பது என்று அடவுகள் உண்டு. வேலைத் தீட்டும் அடவு ஒன்றும் உண்டு. அந்தப் பக்கத்து ராமகதையில் அது கும்பகர்ணனின் வேல். கம்பன் வழியாகக் கும்பகர்ணன் மேல் பரிவு கொண்ட நமக்கு, தோற்கப்போவதை அறிந்தும் போருக்குக் கிளம்பியவனை ஒரு வீரன் தன் சண்டைக்கு முன் நினைப்பதில் வியப்பு இருக்காது. லாவோ மக்களின் ராமாயணமான ஃப்ரா லாக் ஃப்ரா லாம் கதையையே மீகாங் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கே ராமன் புத்தரின் முற்பிறவி. கதையை இப்படித் தங்கள் ஆற்றுக்குள் இழுத்துக்கொண்ட மக்கள், அதைத் தங்கள் உடம்புக்குள்ளும் இழுத்துக்கொண்டது இயல்பு.

இனி அந்தக் கலை நடந்த துயரமான தூரத்துக்கு வருகிறேன்.

லான் சாங் அரசு 1707இல் பிளந்தது. சில ஆண்டுகளில் லுவாங் பிரபாங், வியன்தியான், சம்பாசக் என்று மூன்று சிற்றரசுகள். 1779இல் சயாமியப் படை வியன்தியானைப் பிடித்து, இன்று பாங்காக் அரண்மனைக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரை எடுத்துச் சென்றது. ஏராளமான குடும்பங்களையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்த நாளில் இந்தப் பக்கத்து அரசர்களுக்கு நிலத்தைவிட ஆள் பெரிது. நிலம் வேண்டிய மட்டும் இருந்தது. உழுவதற்கும் படையில் சேர்வதற்கும் ஆள்தான் போதவில்லை. போரில் வென்றவன் ஊரையே பெயர்த்தெடுத்துத் தன் பக்கம் குடிவைப்பான்.

வியன்தியானின் கடைசி அரசர் அனுவோங் இளமையைப் பாங்காக்கில் பிணையாளாகக் கழித்தவர். அவர் 1827இல் படை திரட்டி ஆற்றைக் கடந்து கோராட் வரை போனார். அங்கே குடியமர்த்தப்பட்டிருந்த லாவோ மக்களைத் திருப்பி அழைத்துவருவது அவருடைய நோக்கங்களில் ஒன்று. முயற்சி தோற்றது. சயாமின் பதிலடி கொடுமையானது. 1828இல் வியன்தியான் அழிக்கப்பட்டது. அனுவோங்கே 1818இல் கட்டிய வாட் சி சகெட் கோயில்தான் தப்பியது, இன்றும் நிற்கிறது. அனுவோங்கைச் சிறைபிடித்துப் பாங்காக்குக்குக் கொண்டுபோனார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். கிழக்குக் கரையின் கிராமங்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் தொடர்ந்து காலிசெய்யப்பட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடந்து மேற்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். 1867இல் மீகாங்கின் மேல்பகுதியை ஆராய்ந்தபடி வந்த பிரெஞ்சுக் குழு வியன்தியானைப் பார்த்தபோது, ஒரு தலைநகரம் இருந்த இடத்தில் காடு ஏறியிருந்தது.

இப்படி நடந்தவர்கள் மூட்டையில் என்ன கொண்டுபோயிருப்பார்கள்? விதைநெல், பானை, கேன் என்ற மூங்கில் வாத்தியம். சண்டைக்கலைக்கு மூட்டையே வேண்டாம். முழங்காலும் முழங்கையும் உடம்போடு போகும். ஆசான் உயிரோடு இருந்தால் போதும், பள்ளி எங்கே வேண்டுமானாலும் தொடங்கிவிடும்.

ஃபூ பான் மலைகளைச் சுற்றியுள்ள சகோன் நகோன், நகோன் பனோம் பகுதிகளில் கிழக்குக் கரையிலிருந்து வந்த பல இனக்குழுக்கள் குடியேறின. அங்கே வளர்ந்த முவாய் லாய் என்ற வடிவம் கோயில் ஊர்வலங்களோடு பிணைந்தது. ஊர்வலத்தின் முன்னே வீரர்கள் அடவு காட்டி ஆடிக்கொண்டே போவார்கள், பிறகு மோதுவார்கள். வேட்டியைத் தொடைக்கு மேல் இறுக்கிச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். தொடையிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்திய கருநீலக் கோலம். அந்த நாளில் லாவோ ஆண்பிள்ளைக்குக் கால் முழுக்கப் பச்சை குத்தாமல் மணம் பேச முடியாது என்கிற அளவுக்கு அது ஆண்மையின் அடையாளம். வயிறு வரை பச்சை குத்தும் வடபகுதி மக்களை ‘கரிய வயிற்று லாவோ’ என்றே சயாமியர்கள் அழைத்தார்கள். அந்தப் பச்சை வழக்கம் இப்போது போய்விட்டது. முவாய் லாய் ஆடுபவர்கள் இன்று மையால் கோலத்தை வரைந்துகொள்கிறார்கள். ஆனால் அடவு வரையப்பட்டதல்ல, ஆசான் வழி வந்தது. ஊர்ப் பள்ளிகளிலும் திருவிழாக்களிலும் சில ஆசான்கள் பிடிவாதமாக அதைக் காத்து வந்திருக்கிறார்கள்.

பிடித்துவரப்பட்டவர்களின் பண்பாடு பிடித்தவர்களின் தலைநகரத்துக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1865இல் மன்னர் மோங்குட் லாவோ கேன் இசையைத் தடைசெய்து அறிக்கை விட்டார். பாங்காக் மக்கள் தங்கள் சொந்த இசையை விட்டுவிட்டு லாவோ பாட்டில் மயங்கிக் கிடக்கிறார்கள், மழை குறைவதற்கும் அதுவே காரணம் என்பது அவர் மனக்குறை. அரச ஆணை போடவேண்டிய அளவுக்கு ஒரு வாத்தியம் பரவியிருந்த நகரத்தில், அதே மக்களின் சண்டைக்கலை தன் சாயலைப் பதிக்காமல் இருந்திருக்குமா? கலந்தது என்றே நான் கருதுகிறேன். கலந்ததால்தான் இன்று பிரித்துச் சொல்ல முடியாமல் இருக்கிறது.

1893இல் சயாமும் பிரான்சும் செய்த உடன்படிக்கையில் மீகாங் எல்லையானது. கிழக்குக் கரை பிரெஞ்சு லாவோஸ் ஆயிற்று. மேற்குக் கரையின் பீடபூமியாகிய ஈசான் சயாமோடு தங்கியது. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே ஒட்டுச்சோறு, ஒரே கேன் இசை, ஒரே சண்டை. மேலே இரண்டு கொடிகள். எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை இன்னும் துலங்கும். இன்றைய லாவோஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 75 லட்சம். ஈசானின் இருபது மாகாணங்களில் இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் வீட்டுமொழி லாவோவின் வடிவம்தான்.

மேற்குக் கரையில் கலைக்கு அரச மேடை கிடைத்தது. 1910இல் மன்னர் சூலாலங்கோர்ன் தம் மகனின் ஈமச்சடங்கையொட்டி நடந்த போட்டிகளில் வென்ற மூன்று வீரர்களுக்குப் பட்டம் தந்தார். ஒருவர் சாயாவிலிருந்து, ஒருவர் லோப்புரியிலிருந்து, மூன்றாமவர் ஈசானின் நுழைவாயிலான கோராட்டிலிருந்து. எருமையையே சாய்க்கும் என்று பெயர்பெற்ற அகன்ற வீச்சுக் குத்து கோராட்டுக்காரர்களின் சொத்து. பிறகு நிரந்தர மேடைகள் வந்தன. 1920களின் இறுதியில் கயிறு சுற்றிய கையால் அடிபட்ட ஒருவர் இறந்துபோக, கயிற்றுச் சண்டை நின்று கையுறை வந்தது. நேரம் கணக்கிட்ட சுற்றுகளும் எடைப் பிரிவுகளும் மேற்கத்திய குத்துச்சண்டையிலிருந்து வந்து சேர்ந்தன. ஊர்த்திருவிழாவின் சண்டை, சீட்டு வாங்கிப் பார்க்கும் விளையாட்டாக மாறியது.

1939 ஜூன் 24இல் சயாம் தாய்லாந்து ஆனது. அந்த ஆகஸ்டில் வந்த அரசாணை, நாட்டிலுள்ள எல்லோரையும் தாய் மக்கள் என்றே அழைக்க வேண்டும், வட்டாரத்தையோ இனத்தையோ சேர்த்துச் சொல்லக்கூடாது என்றது. ஈசான் வீட்டுக்குள் லாவோ பேசிய குழந்தை பள்ளிக்கூடத்தில் தாய் ஆனது. அவன் அப்பன் கற்றுக்கொடுத்த சண்டைக்கும் அதே கதிதான். நாட்டின் அடையாளமாக ஒரு சண்டைக்கலையைத் தூக்கிப்பிடித்தபோது, அதற்குள் எத்தனை ஊர்களின் வியர்வை இருக்கிறது என்று பிரித்து எழுதும் ஆர்வம் அந்தக் காலத்து அரசுக்கு இல்லை.

1945 டிசம்பரில் பாங்காக்கில் ராஜதம்னோன் அரங்கம் திறந்தது, 1956இல் லும்பினி. இந்த இரண்டு அரங்கங்களையும் பல பத்தாண்டுகளாக வீரர்களால் நிரப்பியது ஈசான். காரணம் எளிது, கசப்பானதும்கூட. ஈசான் தாய்லாந்தின் வறண்ட மேட்டுநிலம். உப்பு ஏறிய மண், ஒரு போக நெல், பொய்க்கும் மழை. பாங்காக்கில் வண்டி ஓட்டவும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்களின் ஊர்களிலிருந்துதான் சண்டைக்கும் போனார்கள். எட்டு, ஒன்பது வயதில் கோயில் திருவிழா மேடையில் முதல் சண்டை. நன்றாக அடித்தால் பயிற்சிக்கூடக்காரர் கண்ணில் படலாம். பிறகு பாங்காக், அதிகாலை ஓட்டம், மாலைப் பயிற்சி, கூடத்திலேயே படுக்கை. பிறந்த ஊரின் பெயரும் தந்தையின் பெயரும் போய், பயிற்சிக்கூடத்தின் பெயர் வீரனின் பின்பெயராக ஒட்டிக்கொள்ளும். சண்டையில் கிடைக்கும் பணத்தில் பாதி கூடத்துக்கு, மீதி ஊருக்கு.

அப்படி வந்தவர்களில் கோன் கேனின் சோம்லுக் காம்சிங் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வென்று தாய்லாந்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். மகா சாரகாமில் பிறந்த செய்ன்சாய், தன்னைவிட எடை கூடியவர்களையும் காலின் சாமர்த்தியத்தால் ஏமாற்றி வீழ்த்தி, உலகம் முழுவதும் ரசிகர்களைச் சேர்த்தவர். நோங் புவா லாம்பூவின் யோட்சன்கிளாயின் இடதுகால் உதையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மூவரும் ஈசான் மண்ணின் பிள்ளைகள். இவர்களை லாவோ வீரர்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. அவர்கள் தாய்லாந்தின் குடிமக்கள், அந்த நாட்டின் பெருமை. ஆனால் அவர்களை உருவாக்கிய திருவிழா மேடையும், தாளமும், கிராமத்து ஆசானின் கண்டிப்பும் மீகாங்கின் இரு கரைக்கும் பொதுவானவை. அதைச் சொல்லாமல் விடும் வரலாறு பாதி வரலாறு.

இந்தப் புகழுக்கு விலையும் உண்டு. 2018இல் பாங்காக் அருகே ஒரு மேடையில் பதின்மூன்று வயதுப் பையன் தலையில் அடிபட்டு இறந்தான். எட்டு வயதிலிருந்து சண்டையிட்டவன். குழந்தைகளின் சண்டைக்குத் தடை வேண்டுமா என்று நாடே வாதிட்டது. என் மனம் தடையின் பக்கம்தான் சாய்கிறது. கலை வாழ்வதற்குக் குழந்தையின் மண்டை பணயமாக வேண்டியதில்லை. வணக்கமும் அடவும் பிடியும் தலையில் அடிக்காமலே கற்கலாம். ஆனால் அந்தச் சின்னத் தொகையை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு மாற்று வழி என்ன என்று சொல்லாமல் தடை மட்டும் போட்டால், சண்டை அரங்கத்திலிருந்து மறைவான கொட்டகைக்குப் போகும்.

கிழக்குக் கரையில் வேறு கதை. பிரெஞ்சு ஆட்சி, அது முடிந்ததும் உள்நாட்டுப் போர், 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் கொட்டிய இருபது லட்சம் டன் குண்டுகள். 1975 டிசம்பரில் மன்னராட்சி முடிந்து மக்கள் ஜனநாயகக் குடியரசு வந்தது. அடுத்த ஆண்டுகளில் பத்தில் ஒருவர் வரை நாட்டைவிட்டு வெளியேறினார்கள். முதல் அடி அதே மீகாங்கைக் கடப்பது, பிறகு அகதி முகாம், பிறகு அமெரிக்கா, பிரான்ஸ். இப்படிச் சிதறிய நாட்டில் பெரிய அரங்கமோ, பெரும் பரிசுப் பணமோ, ஒளிபரப்போ வளர வழியில்லை. சண்டை கோயில் திருவிழாவிலும் மாகாணக் கொண்டாட்டங்களிலும் ஒதுங்கி வாழ்ந்தது.

அதற்குள் தாய்லாந்துத் தொலைக்காட்சி ஆற்றைத் தாண்டி வந்துவிட்டது. அலைக்கு எல்லைக்காவல் இல்லை. வியன்தியானிலும் சவன்னாகெட்டிலும் குடும்பங்கள் உட்கார்ந்து பாங்காக் அரங்கத்துச் சண்டையைப் பார்த்தன. வர்ணனை மொழியும் அவர்களுக்குப் புரிந்தது. தங்கள் கொள்ளுத்தாத்தாக்களோடு ஆற்றைக் கடந்துபோன கலை, அரசாங்கப் பெயரும் மின்விளக்கும் பூண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தது போன்ற நிலை. 1994 ஏப்ரலில் நோங் காய்க்கும் வியன்தியானுக்கும் இடையே நட்புப் பாலம் திறந்தது. இப்போது லாவோ இளைஞர்கள் பாலத்தைக் கடந்து எல்லையோரத் தாய்லாந்து மேடைகளில் சண்டையிடுகிறார்கள். லாவோஸ் பயிற்சிக்கூடங்கள் கற்றுத்தரும் விதிகளும், மூன்று நிமிடச் சுற்றுகளும், கையுறையும் பாங்காக் அளவுகோலிலேயே இருக்கின்றன. வேறு வழியில்லை. அங்கேதான் பணமும் பார்வையாளர்களும்.

2009 டிசம்பரில் லாவோஸ் முதன்முறையாகத் தென்கிழக்காசிய விளையாட்டுகளை நடத்தியது. 1959இல் பாங்காக்கில் அந்தப் போட்டி பிறந்தபோதே அதன் நிறுவன உறுப்பினராக இருந்த நாட்டுக்கு, விருந்தோம்பும் வாய்ப்பு வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. வியன்தியானில் முவாயும் ஒரு போட்டியாக நடந்தது. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் லாவோ வீரர்கள் நாட்டுக்கொடியை மார்பில் அணிந்து சண்டையிட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மனம் நிறையும் இடம் அது.

பெயர்ச் சண்டை மட்டும் ஓயவில்லை. 1995இலேயே கம்போடியா, இதற்கு எல்லோருக்கும் பொதுவாக சுவன்னபூமி குத்துச்சண்டை என்று பெயர் வைக்கலாம் என்றது, தாய்லாந்து ஏற்கவில்லை. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு முவாய் தாய் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் தந்தது. 2023இல் கம்போடியா தென்கிழக்காசிய விளையாட்டுகளை நடத்தியபோது குன் கெமர் என்ற பெயரில் போட்டியை வைத்தது. தாய்லாந்து அந்தப் போட்டிக்கு ஆள் அனுப்பவில்லை. இரண்டு பெரிய குரல்களின் நடுவே லாவோஸின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் லாவோஸ் கேன் இசையை 2017இலும், நாகக்கோல நெசவை 2023இலும், லாம்வோங் நடனத்தை 2024இலும் சேர்த்திருக்கிறது. முவாய் லாவோ அதில் இல்லை. தனியாகக் கேட்டால் அடுத்த வீட்டோடு தகராறு வரும் என்பதும் தெரிந்ததே. ஆனால் கூட்டாகக் கேட்க வழி இருக்கிறது. கயிறிழுப்பை 2015இல் கம்போடியா, பிலிப்பைன்ஸ், கொரியா, வியட்நாம் நான்கும் சேர்ந்து பதிவு செய்தன. கெபாயா உடையை 2024இல் தாய்லாந்து உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து பதிவு செய்தன. உடைக்கு முடிந்தது உதைக்கும் முடியும். தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், மியன்மார், மலேசியா ஐந்தும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால், அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொண்டே மூதாதையைப் பகிர்ந்துகொள்ளலாம். அந்த விண்ணப்பத்தில் அரங்கங்களின் பெயர்களோடு வாட் ஃபூ திருவிழா மேடையும், ஃபூ பான் மலையடிவாரத்தின் முவாய் லாய் ஆசான்களும், 1828க்குப் பிறகு ஆற்றைக் கடக்க வைக்கப்பட்டவர்களும் இடம்பெற வேண்டும். ஆசான்களில் பலருக்கு வயதாகிவிட்டது. அடவுகளைப் படம்பிடித்து, பெயர்களை லாவோ எழுத்திலும் தாய் எழுத்திலும் எழுதிவைக்கும் வேலையை, ஐந்து அரசுகள் ஒரு மேசைக்கு வரும்வரை காத்திராமல், ஆற்றின் இரு கரையிலுமுள்ள பல்கலைக்கழகங்கள் இப்போதே தொடங்கிவிடலாம்.